முன்னால் போனவரின் காலடி

விடத்தல்தீவில் மீளக்குடியேறிய பெரியவர்களுக்கு வாசிகசாலையில் ஆங்கில வகுப்பு நடந்தது. படிப்பித்த பிரணவன் சேர் பலகையில் ‘இன்வெட்டரேட்’ என்று எழுதி, ஊறிப்போன, விடமுடியாத பழக்கத்தை அப்படிச் சொல்வார்கள் என்றார்.

“என்ர மனுசன்ர வெத்திலை மாதிரி,” என்றாள் இந்திராதேவி.

“உங்களிட்ட ஒண்டும் இல்லையோ, அக்கா?” என்று கேட்டார் சேர்.

“எனக்கு அப்பிடி ஒரு பழக்கமும் இல்லை,” என்றாள் வெடுக்கென்று.

வகுப்பு முடிந்து எல்லாரும் வெளியைக் கடந்தார்கள். கண்ணிவெடிகளை அகற்றி முடித்து, இப்போது மாடு மேயும் வெளி அது. இருந்தும் ஒருவர் பின் ஒருவராக, முன்னால் போனவரின் காலடியிலேயே கால்வைத்து நடந்தார்கள்.

பாதிவழியில் இந்திராதேவிக்கு அந்தச் சொல் உறைத்தது. வேண்டுமென்றே விலகிப் புல்லில் மிதிக்கப் பார்த்தாள். தூக்கிய கால் இறங்க மறுத்தது.

திரும்பிப் பார்த்தாள். அவளுடைய அடுத்த காலடிக்காக, பின்னால் பிரணவன் சேரும் ஒற்றைக்காலில் காத்து நின்றார்.