ருரியின் கையெழுத்து

மினாசே ருரி பாடகியாக இருந்தது மொத்தம் பதினான்கு மாதம். மூன்று இசைத்தட்டு, ஒரு தொலைக்காட்சித் தொடர். தொடரில் அவள் கதாநாயகியின் தங்கை. ஏழாவது வாரமே காய்ச்சலில் செத்துப்போனாள். இரண்டாவது பாட்டு படுத்துக்கொண்டது. மூன்றாவது பாட்டுதான் கொஞ்சம் எழுந்து நடந்தது. அது நன்றாக நடந்துகொண்டிருந்த சமயத்தில்தான் எல்லாம் முடிந்துபோனது. முடித்துவைத்தது யார் என்று கேட்டால் பத்திரிகைக்காரர்கள் ஒரு பெயரைச் சொல்வார்கள். செத்சுகோவைக் கேட்டால் அவள் தன் வலது கையைப் பார்த்துக்கொள்வாள்.

செத்சுகோவுக்கு முப்பத்தேழு வயது. பெண்களைப் பாடகியாக்கி விடும் ஹத்தோரி முதலாளியின் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக மேனேஜர். பெயர்தான் மேனேஜர். காலையில் முதலாளி வீட்டு மாடிக்குப் போய்ப் பதினேழு வயது ருரியை எழுப்புவதிலிருந்து அவள் பல் தேய்த்தாளா என்று பார்ப்பதுவரை எல்லாம் அவள் தலையில். அதெல்லாம் போக இன்னொரு வேலையும் இருந்தது. அதை யாரும் வெளியே சொல்வதில்லை. ரசிகர்கள் எழுதும் கடிதங்களுக்கு ருரியின் கையெழுத்தில் பதில் எழுதுவது.

ரசிகர் மன்றத்தில் ஆறாயிரம் பேர். சேர்ந்தால் வருடத்துக்கு ஒருமுறையாவது 'ருரியே கைப்பட எழுதும்' அட்டை வரும் என்று விளம்பரம். ஆகிதாவிலிருந்து ரயிலேறி வந்த பெண், பாட்டு, நடனம், படப்பிடிப்பு என்று தூங்கவே நேரமில்லாமல் அலைகிறவள், ஆறாயிரம் அட்டை எழுத முடியுமா? அவளுடைய பள்ளி நோட்டு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, வயிறு பெருத்த அந்த எழுத்துகளை இரண்டு வாரத்தில் செத்சுகோ பழகிவிட்டாள். ருரி அவளுக்கு நான்காவது கையெழுத்து. முதல் மூன்று பெண்களும் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டார்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது, நான் உற்சாகமாக இருக்கிறேன், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் இதே மூன்று வரிதான். குசுமி யோஷிரோவுக்கும் முதலில் அதுதான் போனது.

குசுமிக்கு இருபத்தேழு வயது. கவாசாகிப் பக்கம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை என்று எழுதியிருந்தான். மற்றவர்கள் மாதிரி போட்டோ கேட்கவில்லை, பிடித்த நிறம் என்ன என்று கேட்கவில்லை. இரண்டாவது கடிதத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தான்: 'இத்தனை பேருக்கு எழுதுகிறீர்களே, கை வலிக்காதா?'

பன்னிரண்டு வருடத்தில் அவளை யாரும் அதைக் கேட்டதில்லை. கேட்டது தன்னை இல்லை என்பது செத்சுகோவுக்குத் தெரியும். தெரிந்தும் மனசு கேட்கவில்லை. வலிக்கிறது என்று எழுதினாள். அத்தோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம்.

நிறுத்தவில்லை. மாதம் இரண்டு கடிதம் என்று எட்டு மாதம் போனது. எழுத்து ருரியுடையது, பிழைப்பு செத்சுகோவுடையது. தன் அறைக்குக் கீழே டோஃபுக் கடையில் விடியற்காலையில் தண்ணீர் திறந்துவிடும் சத்தத்தில் எழுந்துவிடுவதை எழுதினாள். பொதுக் குளியல் கூடத்தின் புகைபோக்கி ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்பதை எழுதினாள். ரயில் கேட்டின் மணி அடிக்கும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட வேண்டியிருப்பதையும் எழுதினாள். நவம்பரில், ஜுரத்தோடு படுத்திருந்த ஒரு நாள், 'யாராவது வந்து இங்கிருந்து என்னை அழைத்துக்கொண்டு போனால் தேவலை என்று தோன்றுகிறது' என்று எழுதிவிட்டாள். மறுநாள் ஜுரம் விட்டது. கடிதம் அதற்குள் தபாலில் போயிருந்தது.

தண்ணீர் மீட்டர் பார்க்கிறவனுக்குச் சந்து பொந்தெல்லாம் அத்துப்படி என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஜனவரியில் ஒரு விடியற்காலை குப்பை போட இறங்கியபோது எதிர்ச் சாரியில் ஒருவன் குடை பிடித்து நின்றான். மழை இல்லை, பனியும் இல்லை. அவளைப் பார்த்து மரியாதையாகத் தலை குனிந்தான். யாரோ வழிப்போக்கன் என்று அவளும் குனிந்துவிட்டு வந்தாள். அடுத்த வாரம் டோஃபுக் கடைக்காரர், உங்க சொந்தக்காரர் ஒருத்தர் தினமும் வந்து நிற்கிறாரே, உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கக் கூடாதா என்று கேட்டார். அதற்கு மறுநாள் கடிதம் வந்தது.

'ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டிருக்கிறீர்கள். பழைய திரையே நன்றாக இருந்தது. உங்களோடு இருக்கிற அத்தைதான் காவலா? பார்த்தாலே கடுகடுவென்று இருக்கிறார். அவர் தூங்குகிற நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறேன்.'

அந்தக் கடுகடு அத்தை அதை மூன்று முறை படித்தாள். பிறகு ஜன்னலை மூடிவிட்டுச் சமையல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். ருரி இருப்பது முதலாளி வீட்டு மாடியில், நகரத்தின் மறுகோடியில். அந்த மட்டில் நல்லது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். முதலாளியிடம் சொல்லலாம். சொன்னால் ஒரு ரசிகனோடு எட்டு மாதமாகக் கடிதத்தில் குடும்பம் நடத்தினேன் என்றல்லவா சொல்ல வேண்டும்? வேலை அன்றைக்கே போகும். பதில் எழுதுவதை நிறுத்தினால் அவனே ஓய்ந்துபோவான் என்று முடிவு செய்தாள். பயத்தில் எடுத்த முடிவு, வேறென்ன சொல்ல.

மார்ச்சில் ஒரு பெரிய கடையின் மொட்டைமாடியில் கைகுலுக்கும் விழா. இசைத்தட்டு வாங்கியவர்களுக்கு மூன்று விநாடி. மூன்றாவது விநாடியில் பக்கத்தில் நிற்கும் செத்சுகோ தோளில் கை வைத்து ஆளை நகர்த்திவிடுவாள். ருரிக்கு அவள் சொல்லிக் கொடுத்திருந்தது இரண்டே பதில். நடந்ததைப் பற்றி யார் என்ன சொன்னாலும் 'ஞாபகம் இருக்கு'. வரப்போவதைப் பற்றிச் சொன்னால் 'காத்துக்கிட்டிருக்கேன்'. திருப்பிக் கேட்கக் கூடாது, முழிக்கக் கூடாது. கேட்டால் வரிசை நின்றுவிடும், முழித்தால் அவன் மனசு உடைந்துவிடும். இந்தத் தொழிலில் எல்லாப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுப்பது இதுதான்.

நானூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். செத்சுகோவுக்குக் கை மரத்துப்போயிருந்தது. அடுத்த தோளில் கை வைக்கிற நேரத்தில்தான் முகத்தைப் பார்த்தாள். குடைக்காரன்.

"நவம்பர்ல எழுதினீங்களே, கூட்டிட்டுப் போகச் சொல்லி" என்றான். குரல் தாழ்ந்து, பணிவாக இருந்தது.

"ஞாபகம் இருக்கு" என்று ருரி சிரித்தாள்.

"அப்ப நான் வரட்டுமா?"

"காத்துக்கிட்டிருக்கேன்."

செத்சுகோ அவனைத் தள்ளினாள் என்றே சொல்ல வேண்டும். அவன் கோபப்படவில்லை. அவளுக்கும் ஒரு முறை தலை குனிந்துவிட்டுப் படியிறங்கினான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அடுத்து வந்தவன் மூன்று விநாடிக்கு மேல் நின்றதை அவள் கவனிக்கவில்லை.

நான்கு நாள் கழித்து இரண்டு வரிக் கடிதம் வந்தது. 'உங்கள் வாயாலேயே கேட்டுவிட்டேன். உங்களை விடுவிக்க என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்கிறேன்.' என்ன செய்தான் என்பது அந்த வார இறுதியில் தெரிந்தது. செத்சுகோ எழுதிய பதினாறு கடிதங்களையும் நகல் எடுத்து ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பியிருந்தான். காதலிக்கக் கூடாது என்பதுதான் ருரி மாதிரிப் பெண்களுக்கு முதல் சட்டம். நவம்பர் கடிதம் பத்திரிகையின் முன்பக்க அட்டையிலேயே வந்தது, பெரிய எழுத்தில்.

முதலாளி செத்சுகோவைக் கூப்பிட்டார். கத்துவார் என்று நினைத்துப் போனாள். அவர் டீ ஊற்றிக் கொடுத்தார். அது இன்னும் மோசம்.

கடிதம் யார் எழுதியது என்று அவர் கேட்கவே இல்லை, கேட்கத் தேவையும் இல்லை. இது போலி என்று சொன்னால் ஆறாயிரம் பேர் வீட்டிலிருக்கும் அட்டையும் போலி என்றாகும், முன்னால் இருந்த மூன்று பெண்களின் அட்டையும் போலியாகும் என்றார். "ஒரு பொண்ணு போனா இன்னொரு பொண்ணு வருவா, செத்சுகோ. நம்பிக்கை போனா கம்பெனியே போயிடும். ருரியே எழுதினதா இருக்கட்டும். மன்னிப்புக் கேட்டுட்டு ஊருக்குப் போகட்டும்."

செத்சுகோ டீயைக் குடித்தாள். அந்த அறையில் அவள் வாயைத் திறந்திருந்தால் இந்தக் கதையே வேறு. திறக்கவில்லை.

பத்திரிகையாளர் கூட்டத்துக்குப் போகும் காரில், உளறாமல் இருப்பதற்காக ருரி அந்தப் பதினாறு கடிதங்களையும் முதல்முறையாகப் படித்தாள். அழுவாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்த செத்சுகோ கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தாள். அந்தப் பெண் கடைசித் தாளையும் மடித்து வைத்துவிட்டு, "அக்கா, இவ்வளவு கஷ்டமாவா இருக்கு உங்களுக்கு?" என்று கேட்டாள்.

செத்சுகோ கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"இந்த ஆளு எப்படிப்பட்டவரு? நான் ஏதாவது பயப்படணுமா?"

"சாதாரண ஆளுதான். ஒண்ணும் பயப்பட வேண்டாம்" என்றாள் செத்சுகோ. ஏற்கனவே கூட்டத்தை நினைத்து நடுங்கிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் குடையையும் திரையையும் பற்றிச் சொல்வானேன் என்று நினைத்தாள். அப்படித்தான் நினைத்தாள், அதில் பொய் இல்லை. ஆனால் சொல்லியிருக்க வேண்டும்.

இருபது கேமராவுக்கு முன்னால் ருரி எழுந்து நின்று இடுப்பு மடிய வணங்கினாள். கடிதங்கள் உங்களுடையவையா என்று ஒரு நிருபர் கேட்டார். "ஆமாம், எல்லாத்தையும் நான்தான் எழுதினேன்" என்றாள். நாடு முழுவதும் பார்த்தது. அறுபதாயிரம் வீட்டில் பார்த்தார்களோ அறுபது லட்சம் வீட்டில் பார்த்தார்களோ, கவாசாகியில் ஒரு அறையில் பார்த்தவன்தான் முக்கியம். அது செத்சுகோவுக்கு உறைத்தபோது ருரி இன்னும் குனிந்த தலை நிமிரவில்லை.

ஒரு வாரம் கழித்து உயேனோ நிலையத்தில் காலை வண்டி. ஆகிதாவுக்கு எட்டு மணி நேரம். எந்த நாள், எந்த வண்டி என்பதுவரை ஒரு பத்திரிகை போட்டிருந்ததால் முப்பது நாற்பது ரசிகர்கள் காகித ரிப்பனோடு வந்திருந்தார்கள். பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டுச் செத்சுகோ இறங்கினாள், ருரி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கைப்பையில் தோமிகோ என்ற தன் சொந்தப் பெயரை எழுதி மாட்டியிருந்தாள். அதைக் காட்டிச் சிரித்தாள்.

கதவு மூடியது. வண்டி நகரத் தொடங்கிய பிறகுதான் செத்சுகோ அடுத்தடுத்த ஜன்னல்களைப் பார்த்தாள். ருரிக்கு இரண்டு வரிசை பின்னால் குசுமி உட்கார்ந்திருந்தான். புதுக் கோட்டு, புதிதாக வெட்டிய முடி, மடியில் பட்டுத் துணியில் கட்டிய ஒரு பெட்டி. பெண் பார்க்கப் போகிறவன் கோலம். அவன் செத்சுகோவைப் பார்த்துத் தலை குனிந்தான்.

அவள் ஓடினாள், கத்தினாள், ரசிகர்கள் அவளும் அழுகிறாள் என்று வழி விட்டார்கள். நிலைய அலுவலகத்தில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். அந்த ஆள் ஏதாவது செய்தாரா? இல்லை. டிக்கெட் இருக்கிறதா? இருக்கும். அப்படியானால் என்னம்மா செய்வது என்று கேட்டார்.

பொதுத் தொலைபேசியில் காசைப் போட்டு ருரியின் வீட்டுக்கு அழைத்தாள். அம்மா எடுத்தாள். செத்சுகோ மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு ஆள், குசுமி என்று ஒரு ஆள் அதே வண்டியில் வருகிறான் என்றாள்.

"தெரியுங்களே. முந்தாநாளே போன் பண்ணிட்டாரு" என்றாள் அம்மா. "என்னாலதான் உங்க பொண்ணு பேரு கெட்டுப்போச்சு, அதுக்கு நானே பொறுப்பேத்துக்கிறேன், கட்டிக்கிறேன்னு சொன்னாரு. இந்தக் காலத்துல எந்தப் பையன் அப்படிச் சொல்றான்? அவங்கப்பா ஒரு வாரமா வாசல் தாண்டல. இன்னைக்குத்தான் சவரம் பண்ணினாரு. நான் நல்ல காரியத்துக்குச் செய்யிற மாதிரி காராமணி போட்டுச் சிவப்புச் சோறு வெச்சிருக்கேன்."

செத்சுகோ பன்னிரண்டு வருடத்தில் சொல்லாததைச் சொன்னாள். அந்தக் கடிதங்களை எழுதியது நான். உங்கள் பெண்ணுக்கு அவனைத் தெரியவே தெரியாது. தயவுசெய்து அவனை வீட்டுக்குள் விடாதீர்கள்.

மறுமுனையில் அடுப்பில் ஏதோ கொதிப்பது கேட்டது.

"இங்க பாருங்க, எம் பொண்ணு ஊரு உலகத்துக்கு முன்னால குனிஞ்சு, நான்தான் எழுதினேன்னு சொல்லிச்சு. அது பொய்யின்னா, பொய் சொல்ல வெச்சது நீங்க. இன்னைக்கு நீங்க சொல்றதை மட்டும் நான் எப்படி நம்புறது?" குரலில் கோபமே இல்லை. "பதினாலு மாசம் உங்ககிட்ட விட்டோம், போதும். இனிமே எங்க பொண்ணை நாங்க பார்த்துக்கிறோம்."

தொலைபேசி வைக்கப்பட்டது. செத்சுகோ மறுபடி எண்ணைச் சுழற்றினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஆகிதாவுக்கு அடுத்த வண்டி எப்போது என்று கேட்டதற்குப் பிற்பகலில்தான் என்றார்கள். அது போய்ச் சேரும்போது அங்கே சாப்பாடு முடிந்து, படுக்கை விரித்திருப்பார்கள். ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டு அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள்.