பதினோராம் நாள் சாப்பாடு

இன்கொரொனாத்தா பாஸ்தா மாவைச் சுண்டுவிரல் பருமனுக்குக் கயிறாக உருட்டித் துண்டு துண்டாக நறுக்கினாள். ஒவ்வொரு துண்டின் மேலும் மூன்று விரல்களை வைத்து அழுத்தித் தன் பக்கம் இழுக்க வேண்டும். மாவு சுருண்டு நடுவில் குழி விழும். குழி இருந்தால்தான் சாறு தங்கும். முப்பது பேருக்கு இரண்டாயிரம் துண்டாவது வேண்டும்.

தக்காளி டப்பா ஆலை வாசலில் வேலைநிறுத்தப் பந்தல் போட்டுப் பதினோரு நாளாகிறது. மூடி அழுத்தும் எந்திரம் ரிப்பால்தாவின் வலது கையில் நடுவிரல்கள் மூன்றையும் கொண்டுபோனது. கவனக்குறைவு என்று சொல்லி அவளை நீக்கிவிட்டார்கள். அவளைத் திரும்பச் சேர்க்கும்வரை யாரும் உள்ளே போவதில்லை என்று பேச்சு. பந்தலுக்கு நாளொரு வீட்டுச் சாப்பாடு. இன்று இன்கொரொனாத்தா வீட்டு முறை.

கொதிகலன் பார்க்கும் அவள் கணவன் சவினோ விடியுமுன்னே பின்வாசல் வழியாக ஆலைக்குள் போய்விட்டான்.

"நிரந்தரம் பண்றேங்கறாங்க. எட்டு வருசமா சீசன் கூலி. நான் என்ன செய்யட்டும், சொல்லு?" என்று கேட்டிருந்தான்.

"போயிட்டு வா" என்றவள் இவள்தான்.

ஆறிக் கிடக்கும் கொதிகலனைக் கழுவி, நீர் நிரப்பிப் பற்றவைக்க அரை நாள் பிடிக்கும். புகைபோக்கியில் புகை எழுவதற்குள் பரிமாறிவிட்டு வீடு திரும்பிவிடலாம் என்று நினைத்தாள்.

சுக்கினிக் காயைப் பூண்டோடு வதக்கினாள். ரிக்கோட்டா பாலாடைக்கட்டியை அப்படியே போட்டால் கட்டிதட்டும். பாஸ்தா வெந்த நீரில் மாவு கரைந்திருக்கும். அதில் இரண்டு கரண்டி விட்டுக் குழைத்தால் பாலாடை இளகி, குழிக்குக் குழி போய் உட்காரும். கைகள் தம் பாட்டுக்கு வேலை செய்தன. முகம் மட்டும் எரிந்தது.

பந்தலில் கிழட்டு நுன்சியோதான் முதலில் தட்டை நீட்டினார். "எங்கடி உன் புருஷன்? பொண்டாட்டியை அனுப்பிட்டுத் தூங்குறானா?"

"முதுகு வலி."

"கொதிகலன் பக்கத்துலயே கெடந்தா முதுகு வேகாம என்ன செய்யும்!"

எல்லோரும் சிரித்தார்கள். ரிப்பால்தா இடது கையால் முள்கரண்டி பிடித்துச் சாப்பிட்டாள். "நல்லா இழுத்திருக்கே. ஒண்ணுகூட உடையலையே."

"இன்னுங் கொஞ்சம் போட்டுக்கோ, அக்கா. நான் கிளம்பணும்."

"என்ன அவசரம்? ஒரு வாய் நீயும் சாப்பிடு."

நுன்சியோ இரண்டாம் முறை தட்டை நீட்டியபோது, அவர் பார்வை அவள் தலைக்கு மேலே, புகைபோக்கியில் போய் நின்றது. இன்கொரொனாத்தா திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொருவராக மெல்லுவதை நிறுத்தினார்கள். அந்தக் கொதிகலனை மூட்டத் தெரிந்தவன் சவினோ ஒருவன்தான். அது எல்லோருக்கும் தெரியும்.

நுன்சியோ தட்டைத் தரையில் வைத்தார். அவள் கரண்டியிலிருந்து பாலாடை சொட்டியது.

"அக்கா... நான்தான் போகச் சொன்னேன்."

ரிப்பால்தா வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். எழுந்து வந்து பானையை மூடினாள்.

"மிச்சத்தை எடுத்துட்டுப் போடி. பசியோட வருவான்."

துணியைப் பானைமேல் போட்டு முடிச்சுப் போட ஆரம்பித்தாள். வலது கையில் பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே துணிமுனை நிற்காமல் நழுவியது. மறுபடி பிடித்தாள். மறுபடி நழுவியது. இன்கொரொனாத்தா உதவக் கை நீட்டினாள்.

"இரு. நானே கட்டிருவேன்" என்றாள் ரிப்பால்தா.

முப்பது பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.