வேன் அக்கா எடுத்த புத்தகங்கள்

கூடத்து மேசையை நகர்த்த இரண்டு பேர் வந்து நின்றபோது, லிஃப்ட் மெக்கானிக் அதன்மேல் கிடந்த பயிற்சிப் புத்தகங்களை அள்ளிக்கொண்டிருந்தார். ஒரே நடையில் அடங்கவில்லை. மோவாயால் அழுத்திப் பிடித்தும் நடுவிலிருந்து ஒன்று நழுவித் தரையில் விழுந்தது. குனிந்தால் எல்லாமே சரியும். அப்படியே நின்றார்.

“எல்லாத்தையும் கட்டி மேல போட்ருடா. பாக்கப் பாக்க வயிறு எரியுது,” என்றாள் அவருடைய அக்கா.

“அதது ஒரு வரிசைல இருக்குக்கா. கலைச்சா அவ திட்டுவா.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. அக்கா விழுந்த புத்தகத்தை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே அவர் கைக்குவியலின் மேல் வைத்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் மனைவியின் உடலைக் கொண்டுவர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. முந்தின நாள் காலை, பள்ளி வேனிலிருந்து கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு, வண்டியை ஓரங்கட்டி, கை பிரேக்கை இழுத்த பிறகுதான் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறாள். தெருவில் எல்லோருக்கும் அவள் வேன் அக்கா. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

மகள் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதப் போவதாகச் சொன்னபோது, புத்தகம் வாங்கக் கணவனும் மனைவியுமாகத்தான் கடைக்குப் போனார்கள். இருப்பதிலேயே தடியான ஒன்றை அவர் எடுத்து நீட்டினார்.

“வீடு கட்டவா வாங்கறோம்? செங்கல் மாதிரி இருக்கு,” என்று திருப்பி வைத்துவிட்டாள்.

பிறகு ஒவ்வொரு புத்தகத்தையும் பின்னாலிருந்து பிரித்துப் பார்த்தாள். விடையை மட்டும் போட்டிருந்தவை உடனே அலமாரிக்குத் திரும்பின. “எது சரின்னு எவன் வேணா சொல்லுவான். மத்ததெல்லாம் ஏன் தப்புன்னு சொல்லுதா, அதப் பாக்கணும்,” என்றாள். கடை கடையாக ஏறி இறங்கியதில் அவருக்குக் கால் கடுத்துப்போயிற்று. கடைசியில் அவள் எடுத்தது மங்கலான அட்டை போட்ட ஒரு மெலிந்த புத்தகம்.

மகளுக்குத் துணையாகத் தானும் ஒரு மாதிரித் தாளை எழுதிப் பார்த்தவள், மகளைவிடக் கூடுதலாக வாங்கிவிட்டாள். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வயது வரம்பு கிடையாது என்று தெரிந்ததும் தனக்கும் விண்ணப்பம் போட்டாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அன்று முதல் அவரும் சிரிக்கவில்லை. சாயங்காலச் சமையலைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். உப்புக் கூடினாலும் குறைந்தாலும் ஒரு வார்த்தை சொல்லாமல், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சாப்பிடுவாள். வரும் ஞாயிற்றுக்கிழமை தேர்வு.

அவளைக் கொண்டுவந்து கிடத்தியதும் வீடு நிறைந்தது. வாசலில் செருப்புக் குவியலுக்கு நடுவே, கையில் பொட்டலத்தோடு ஒருவர் விழித்துக்கொண்டு நின்றார். புத்தகக் கடைக்காரர். விஷயம் தெரியாமல் வந்தவர். உள்ளே எட்டிப் பார்த்ததும் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். மெக்கானிக் எழுந்து அவரிடம் போனார்.

“புதுசா வந்த மாதிரித் தாள் கேட்டிருந்தாங்க. இன்னிக்குத்தான் வந்துச்சு. பரீட்சை நெருங்கிருச்சேன்னு நானே...” கடைக்காரர் பொட்டலத்தை முன்னால் கொண்டுவந்தார். பிறகு சொன்னார்: “என் வியாபாரத்தக் கெடுத்தவங்க சார் இவங்க. சனிக்கிழமையானா வந்துருவாங்க. யாராவது ஒரு புத்தகத்தத் தொட்டாப் போதும், ‘இருங்க, உங்க பொண்ணு எதுல தடுமாறுது?’ன்னு கேப்பாங்க. நான் தள்ளிவிடலாம்னு வச்சிருந்த சரக்கெல்லாம் அப்படியே தங்கிருச்சு. மொதல்ல எனக்கு எரிச்சலாத்தான் இருந்துச்சு. அப்புறம் பாத்தா, அந்தம்மா எப்ப வருவாங்கன்னு விசாரிச்சுட்டு ஆளுங்க வர்றாங்க. ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுட்டேன்.”

மெக்கானிக்குக்கு இது செய்தி. சனிக்கிழமைகளில் வண்டி கழுவப் போவதாகத்தான் அவள் சொல்லிவிட்டுப் போவாள்.

“இதுல ரெண்டு இருக்கு சார். ரெண்டும் வேற வேற. கணக்கு அவங்களுக்கு. வாசிச்சுப் பதில் எழுதறது பாப்பாவுக்கு.”

அவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். கடைக்காரர் உள்ளே போய், அவள் காலடியில் நெடுநேரம் நின்றுவிட்டுப் போனார்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. மகள் உள்ளறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“நான் ஞாயித்துக்கிழமை போகலப்பா.”

“அடுத்த வருஷம் பாத்துக்கலாம், விடு,” என்றாள் அத்தை.

மெக்கானிக் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. கடைக்காரர் சொன்னதை அப்படியே சொன்னார். ஸ்டூல் வரைக்கும் சொல்லி, பொட்டலத்தைப் பிரித்து, அவளுடையதை அவள் மடியில் வைத்தார். அவள் அட்டையைத் தடவிப் பார்த்தாள்.

“வாசிப்புலதான் நான் வீக்குன்னு அம்மா எங்கிட்ட சொல்லவே இல்லியே.”

“சொன்னா நீ சும்மா இருந்திருப்பியா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அது அழுகையாக மாறியது. அவர் எழுந்திருக்காமல் பக்கத்திலேயே இருந்தார்.

மறுநாள் காலை அவர் எட்டிப் பார்த்தபோது, அவள் தரையில் குப்புறப் படுத்து, கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். மூக்கை உறிஞ்சுவதும் எழுதுவதுமாக இருந்தாள். பென்சில் நிற்கவில்லை. அவர் கதவை ஓசைப்படாமல் சாத்தினார்.

துக்கம் விசாரிக்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தது வேனில் போகும் பிள்ளைகளின் தாய்மார்கள். ஒருத்தி வாசல் ஏறும்போதே வாய்விட்டு அழத் தொடங்கினாள். மெக்கானிக் இறங்கிப் போய்க் கை கூப்பினார்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கொஞ்ச நேரம் இப்படி வெளியவே நில்லுங்க. உள்ள பரீட்சை நடக்குது.”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். அக்கா தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து தெருவில் போட்டாள்.

பின்னால் வந்தவர்களுக்கு முன்னால் வந்தவர்களே தணிந்த குரலில் சொன்னார்கள். சுவரோரமாகக் கூட்டம் நீண்டது. தெருமுனையில் திரும்பிய மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் அத்தனை பேரும் பேசாமல் நிற்பதைப் பார்த்தார். எஞ்சினை அணைத்துவிட்டு, இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.