கோணல் தையல்

அம்பக்கா மூன்றாவது அம்பையும் அப்பாவின் சட்டையில் ஒட்டினாள். ஒட்டினாள் என்பதைவிட அறைந்தாள் என்றே சொல்லலாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து, நர்ஸ் கழற்றிக் கொடுத்த அந்தச் சட்டையை மடியில் விரித்துப் போட்டு, கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்திருந்தாள். தையல் கோணிய இடத்தில் ஒன்று, நூல் தொங்கிய இடத்தில் ஒன்று, அக்குளில் துணி சுருங்கிய இடத்தில் ஒன்று. நகத்தளவு சிவப்பு அம்புகள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் குறை கண்ட இடத்தில் இதை ஒட்டித்தான் அவள் துணியைத் திருப்பி அனுப்புவாள். செக்கிங் மேஜையில் அவள் கண்ணைத் தாண்டி ஒரு பிசிறு வெளியே போனதில்லை. தையல் பெண்கள் அவளுக்கு அம்பக்கா என்று பெயர் வைத்ததும் அதனால்தான். அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு வைத்தார்கள். அவளுக்குத் தெரியும். பிடித்தும் இருந்தது.

பெஞ்சின் மறுமுனையில் அந்தம்மா உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் இரண்டாவது மனைவி. சித்தி என்று கூப்பிடச் சொல்லி அப்பா எவ்வளவோ கெஞ்சிப் பார்த்துவிட்டார். அம்மா போய் வருஷம் திரும்புவதற்குள் வந்தவளுக்கு உறவுமுறை ஒரு கேடா என்று பள்ளிக்கூடப் பாவாடையோடு எடுத்த முடிவு, அம்பக்காவுக்கு நரை விழுந்த பிறகும் மாறவில்லை. பின்னால் பேசினால் 'அந்தம்மா'. நேரில் பேசினால் வெறும் 'நீங்க'. இப்போதும் இருவருக்கும் நடுவில் தன் கைப்பையை நிறுத்தி வைத்திருந்தாள்.

"இதெல்லாம் ஒரு தையலா? நாடாவ எங்க கொண்டுபோய் வச்சிருக்கீங்க பாருங்க. கையப் பிரிச்சு விட்டது போதாதுன்னு அதையும் கோணலா..."

"வலது கை மடங்கியே இருக்குமில்ல அவருக்கு. மேல் வழியா நுழையாது. அதான் பிரிச்சு நாடா வச்சேன், கட்டிக்கிற மாதிரி." அந்தம்மா சட்டையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"இத மாட்டத்தான் அரை மணி நேரம் ஆச்சா?"

பேச்சு அங்கேதான் வந்து நின்றது. காலையிலிருந்து எங்கே தொடங்கினாலும் அங்கேதான் வந்து நின்றது.

அப்பா காலையில் குளியலறையில் விழுந்துவிட்டார். ஏற்கெனவே ஒரு பக்கவாதம் வலது பக்கத்தை வாங்கிக்கொண்டு போயிருந்தது. இது இரண்டாவது. விழுந்தபோது பேச்சு இருந்தது, உடம்பில் துணி இல்லை. 'துணி போட்டு விடு, பொண்ணு வந்துடுவா, என்னை இப்படிப் பாக்கக் கூடாது' என்றாராம். அந்தம்மா அவரைத் துடைத்து, கால்சட்டை மாட்டி, இந்தச் சட்டையைச் சுற்றி ஒவ்வொரு நாடாவாகக் கட்டி முடித்துவிட்டு, அப்புறம்தான் ஆம்புலன்சைக் கூப்பிட்டிருக்கிறாள். வண்டி வந்தபோது பேச்சு போயிருந்தது. முன்னாடியே கொண்டு வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார் டாக்டர். இப்போது இன்றைய பொழுதைத் தாண்டுவது கஷ்டம் என்றும் சொன்னார்.

"மானம் போகக் கூடாதுன்னு உயிரைப் போக விட்டுட்டீங்க."

"அவர் கெஞ்சினார்மா."

"கெஞ்சினா? குழந்தை கெஞ்சுதுன்னு கையில கத்தியக் குடுப்பீங்களா?"

தேநீர் வாங்கப் போயிருந்த தம்பி மூன்று காகிதக் கோப்பைகளோடு வந்து நின்றான். "அக்கா, மெதுவா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். காசா கேக்குறாங்க?"

"சித்தியும் ஒரு தடவ உள்ள போய்ட்டு வரட்டுமேக்கா. மாத்தி மாத்தி உக்காரலாம்ல?"

தம்பி எல்லோருக்கும் நல்லவன். அப்படிப்பட்டவர்களைக் கண்டாலே அம்பக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வார்டில் ஒரு நோயாளிக்கு ஓர் ஆள்தான். கழுத்தில் மஞ்சள் அட்டை மாட்டியவரைத்தான் வாசலில் இருக்கும் காவல்காரர் உள்ளே விடுவார். அட்டை அம்பக்காவின் கழுத்தில் இருந்தது.

"அப்பா போகும்போது பக்கத்துல நான்தான் இருப்பேன். அரை மணி நேரத்த அவங்க எடுத்துக்கிட்டாங்க. மிச்சம் இருக்கறது எனக்கு." சட்டையைச் சுருட்டிப் பையில் திணித்து, பையைத் தம்பியிடம் கொடுக்காமல் பெஞ்சிலேயே, அதே இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே எல்லாமே குறையாக இருந்தது. நர்ஸ் போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். பெருக்க வந்தவர் கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை ஒப்புக்கு ஒரு முறை விட்டுவிட்டுப் போனார். திரைக்கு அந்தப் பக்கம் அடுத்த கட்டில்காரரின் மகன், மருந்து நெடிக்கு நடுவில், மொறுமொறுவென்று பிஸ்கட் தின்றான். அம்பக்கா ஒவ்வொன்றிலும் மனசுக்குள் ஓர் அம்பை ஒட்டினாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களிடம் வெளியே நின்று நிதானமாகப் பேசிக்கொண்டே கதவைத் திறப்பார். அந்த வாய் இப்போது ஓரமாக இழுத்துக்கொண்டு கிடந்தது. மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. இழுக்கும், நிற்கும், நின்றேவிட்டதோ என்று பயப்பட வைக்கும், பிறகு மறுபடி இழுக்கும்.

அசைகிற இடது கை போர்வைமேல் எதையோ தேடியது. அம்பக்கா சட்டென்று தன் கையைக் கொடுத்தாள். விரல்கள் அவள் உள்ளங்கையைத் தடவி, மணிக்கட்டுவரை போய், அங்கே சற்று நின்று, விட்டுவிட்டன. மறுபடி போர்வையில் தேடத் தொடங்கின.

அவளுக்கு முகம் சுட்டது. சாகக் கிடக்கும் மனிதர்மேல் கோபப்படலாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை. கோபப்பட்டாள். பெற்ற மகள் கை வேண்டாம், இல்லையா? அந்தக் கைதான் வேண்டுமா?

நாடித்துடிப்பு காதில் இடித்தது. இப்படி இடிக்கும்போது உட்கார்ந்து மூச்சைக் கவனிக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அந்த வகுப்பு ஒரு தண்டனை. அம்பக்கா திட்டித் தீர்த்ததில் ஒரு பெண் தையல் லைனிலேயே அழுது மயங்கிவிழ, மேலாளர் எல்லா மேற்பார்வையாளர்களையும் வாரம் ஒருநாள் துணி மூட்டைகளுக்கு நடுவில் தியானத்துக்கு உட்கார வைத்தார். 'எல்லா' என்று சொன்னாரே தவிர, அது யாருக்காக என்று எல்லோருக்கும் தெரியும். நடத்த வந்தவள் சின்னப் பெண். "யாரையும் எடை போடாதீங்க. மனசுல தீர்ப்பு வந்தா, 'ஓ, தீர்ப்பு வந்திருக்கு'ன்னு பாத்துட்டு மூச்சுக்குத் திரும்பிடுங்க. நீங்க இழுக்கிற காத்து பக்கத்துல இருக்கறவங்க விட்ட காத்துதான். தனித்தனின்னு ஒண்ணும் இல்ல" என்பாள். அப்படியானால் எல்லாரையும் பல் விளக்கிவிட்டு வரச் சொல்லியிருக்கணும் என்று அம்பக்கா நினைத்துக்கொள்வாள்.

இருந்தாலும் கொடுத்த வேலையை அவள் ஒழுங்காகச் செய்தாள். அதுதான் கோளாறு. கண்ணை மூடி, ஒவ்வொரு மூச்சையும் மேஜைமேல் போட்டுப் பரிசோதித்தாள். இது சரி. இது பாதியில் அறுந்தது, தள்ளு. இது போன மூச்சைவிட நீளம் குறைவு, தள்ளு. வகுப்பு முடியும்போது தியானத்திலும் தான்தான் முதல் என்ற திருப்தியோடும் கூடுதல் எரிச்சலோடும் எழுந்திருப்பாள்.

இப்போது வேறு வழி தெரியாமல் கண்ணை மூடினாள். தன் மூச்சைப் பார்க்கப் போனால் அப்பாவின் மூச்சுதான் கேட்டது. அதையே பிடித்துக்கொண்டாள். அவர் இழுத்தபோது இழுத்தாள். அவர் நின்றபோது நின்றாள். அந்த இடைவெளியில்தான் கவனித்தாள், பிஸ்கட் சத்தமும் நின்றிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் அந்தப் பையனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இந்தக் கட்டிலைக் கேட்டுக்கொண்டிருந்தான். நர்ஸின் சிரிப்பும் இல்லை. அப்பா மறுபடி இழுத்தபோது எல்லோருமே மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது. யாருடையது எது என்று பிரிக்க முடியவில்லை. பிரித்துத் தரம் பார்க்க அவளுக்குத் தோன்றவும் இல்லை.

அரை மணி நேரம், என்றது மனசு. ஓ, தீர்ப்பு வந்திருக்கிறது, என்று பார்த்தாள். அது போகவில்லை. தப்பு தப்புதான், அதில் மாற்றமே இல்லை. ஆனால் கையில் அம்பு இருந்தும் ஒட்டாமல் வைத்துக்கொண்டிருக்க முடிந்தது. அப்பா விட்ட காற்று அவளுக்குள் போய் வந்துகொண்டிருந்தது. இந்த மூச்சைப் பக்கத்தில் படுத்து வருஷக்கணக்காகக் கேட்டவள் கதவுக்கு வெளியே இருக்கிறாள். அவர் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் இது குறட்டையாகும் என்றுகூடத் தனக்குத் தெரியாது. அதை நினைத்தபோதும் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று மட்டும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

எழுந்தாள். அப்பாவின் நெற்றியில் கையை வைத்து எடுத்தாள். வெளியே வந்து கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி நீட்டினாள்.

"போங்க."

அந்தம்மாவுக்குப் புரியவில்லை. ஏதாவது வாங்கி வரச் சொல்கிறாளா என்பதுபோலப் பார்த்தாள்.

"உள்ள போங்கன்னா. உங்களத்தான் தேடுறார். டியூப் வலது பக்கம் இருக்கு, இடிச்சிடாதீங்க. செருப்பக் கழட்டிட்டுப் போங்க. சீக்கிரம்!" அவள் குரலில் அதட்டல் கொஞ்சமும் குறையவில்லை. காவல்காரரே பயந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டார்.

தம்பி வாயைத் திறந்தான்.

"ஏன்னு கேட்டேன்னா அறைஞ்சிடுவேன்."

அவன் வாயை மூடிக்கொண்டான். அவள் பையிலிருந்து சட்டையை எடுத்து அம்புகளை உரிக்க ஆரம்பித்தாள். வீட்டில் துவைத்துத் துவைத்து நைந்த துணி. பசை விடாமல் பிடித்திருந்தது. ஒன்று வந்தது. இரண்டாவது துணி நூலையும் பிய்த்துக்கொண்டு வந்தது. மூன்றாவதைத் தொடுவதற்குள் கதவு திறந்தது.

அந்தம்மா வாசலில் நின்றாள். அழவில்லை. மஞ்சள் அட்டையைக் கையில் பிடித்திருந்தாள், யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல்.

தம்பி பெஞ்சிலிருந்து சறுக்கி, சுவரைப் பார்த்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். அம்பக்கா அசையவில்லை. பக்கத்தில் நான்தான் இருப்பேன் என்று ஊர் கேட்கச் சொன்னவள் அவள். எழுந்து வராமல் இருந்திருந்தால் பக்கத்தில் இருந்திருப்பாள். நானே தூக்கிக் கொடுத்தேன், நானே கொடுத்தேன் என்று உள்ளே ஒருத்தி மார்பில் அடித்துக்கொண்டாள். வாய்வரை வந்துவிட்டது, நல்லா திருப்தியா உங்களுக்கு என்று. அவள் மூச்சை இழுத்தாள். விட்டாள். பெஞ்சின் நடுவிலிருந்த கைப்பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

அந்தம்மா வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தாள். பிறகு அந்தம்மாதான் கேட்டாள்: "அந்தச் சட்டையவே போட்டு விடலாமா?"

"வேற நல்ல சட்டை வீட்ல இல்லியா?"

"இருக்கு. நுழையாதே."

காவல்காரர் வழி விட்டு ஒதுங்கினார். "ரெண்டு பேருமே போங்கம்மா. இனிமே அட்டை வேணாம்" என்றார்.

திரைக்குள் இடம் குறைவு. இருவரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு வேலை செய்தார்கள். அந்தம்மா அவர் தலையைத் தாங்கினாள், அம்பக்கா சட்டையை முதுகுக்கு அடியில் செலுத்தினாள். மடங்கிய வலது கை மடங்கியேதான் இருந்தது. பிரித்துவிட்ட பகுதியை அதன்மேல் போர்த்தி நாடாக்களை இழுத்தாள். மடியில் விரித்தபோது திருகிக்கொண்டு போன தையல், அந்தக் கையின் வளைவோடு தோளிலிருந்து முழங்கைவரை நேராக இறங்கியது. ஒரு சுருக்கம் இல்லை. இத்தனை வருஷ வேலையில் அவள் துணியை மேஜையில் போட்டுத்தான் பார்த்திருக்கிறாள், ஆள்மேல் போட்டுப் பார்த்ததே இல்லை. விரலால் ஒருமுறை அந்தத் தையலை மேலிருந்து கீழே நீவினாள்.

"ரெட்டை முடிச்சா போடுங்க," என்றாள் அந்தம்மா. "ஒத்த முடிச்சு அவுந்துரும்."

அம்பக்கா இரட்டை முடிச்சு போட்டாள்.

மூன்றாவது அம்பு அக்குளுக்குள் மாட்டிக்கொண்டு சிவப்பாகத் தெரிந்தது. அந்தம்மாவும் பார்த்துவிட்டாள். இது என்ன என்று கேட்கவில்லை. அப்பாவின் கையை மெதுவாக, எடுக்க வாகாக, தூக்கிப் பிடித்தாள். அம்பக்கா குனிந்து நகத்தால் சுரண்டினாள். அது பாதி பாதியாகத்தான் வந்தது. முழுவதும் வரும்வரை அந்தம்மா கையை இறக்கவில்லை.