சிமினிக்கு இடப்பக்கம் ஒரு கிடா

கற்பூரம் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் வாய் கோணிக்கொள்ளட்டும். நடந்ததைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

எண்பத்திரண்டாம் வருடம் கடலாடிக்கு மேற்கே எங்கள் வீட்டில் ஆட்கள் என்று பார்த்தால் நானும் என் மனைவி செவ்வந்தியும்தான். மற்றதெல்லாம் வாயில்லாத ஜீவன்கள். உழவு மாடு ஒரு ஜோடி, வெள்ளாடுகள், கோழிகள், வாத்துகள், எல்லாவற்றுக்கும் அதிகாரியாக ஒரு வான்கோழி, அந்த வான்கோழிக்கும் அடங்காத ஒரு பூனை. இத்தனைக்கும் நடுவில் சிமினி.

சிமினி எங்கள் நாய். பிறவிக் குருடு. வெளிச்சமே தெரியாத குட்டிக்கு விளக்கின் பெயரை வைத்தவள் செவ்வந்தி. கண் மட்டும் என்றால் பரவாயில்லை, தலைக்குள்ளும் ஏதோ ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. நேராக நடக்க வராது. இடப்பக்கமாகவே வட்டமடிக்கும். அது சுற்றிச் சுற்றி எங்கள் முற்றத்தில் பெரிய பள்ளம் விழுந்தது. ஐப்பசி மழைக்கு அதில் தண்ணீர் நின்றதும் வாத்துகள் ஊருணிக்குப் போவதையே நிறுத்திக்கொண்டன.

மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். "இதுக்கு மருந்து இல்லம்மா. ஒரு ஊசியப் போட்டு முடிச்சிரலாம்" என்றார்.

"கண்ணு தெரியாததுக்கெல்லாம் ஊசின்னா, மொதல்ல எங்க வீட்டுக்காரருக்குப் போடுங்க. தோள்ல கெடக்குற துண்ட வீடு பூராம் தேடுறாரு" என்றாள் செவ்வந்தி.

டாக்டர் பெட்டியை மூடிவிட்டார்.

சோறு வைத்தால் சிமினி சட்டியைச் சுற்றுமே தவிர வாய் போய்ச் சேராது. அதற்குள் கோழிகள் முடித்துவிடும். செவ்வந்திதான் அதன் கழுத்தைப் பிடித்துச் சட்டிக்குள் வைப்பாள். பூனை பக்கத்தில் உட்கார்ந்து, நெருங்கும் கோழிகளை அறைந்து விரட்டும். கூலியாக மீன்தலையை எடுத்துக்கொள்ளும்.

அதற்கு முந்தைய வருடம் செவ்வந்திக்கு மஞ்சள்காமாலை முற்றி, நினைவில்லாமல் கிடந்தாள். எல்லாரும் கைவிரித்தபின் நான் குலசாமி கோவிலுக்கு ஓடினேன். "இவளக் குடுத்துரு, கிடா தாரேன்" என்று தரையில் விழுந்தேன். அவள் பிழைத்தாள். கருப்புக் குட்டி ஒன்றுக்குக் கழுத்தில் மணி கட்டி நேர்ந்துவிட்டேன். நேர்ந்துவிட்ட கிடா மேல் எங்கள் பக்கத்தில் ஒருவரும் கை ஓங்க மாட்டார்கள். யார் கொல்லையில் மேய்ந்தாலும் சாமி மேய்ந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு நாள் அந்தக் கிடா தானாக வந்து சிமினிக்கு இடப்பக்கம் நின்றது. வட்டமடிக்கப் பார்த்த நாயின் தோள் கிடாவின் விலாவில் முட்டியது. கிடா நடந்தது. ஒட்டிக்கொண்டே நாயும் நடந்தது. பிறந்ததிலிருந்து முதல்முறையாக, நேராக. செவ்வந்தி அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள்.

அன்றிலிருந்து இரண்டும் பிரியவில்லை. சாமி கிடாவோடு போகிற நாய் என்பதால் சிமினி மீதும் ஒருவரும் கல்லெறியவில்லை.

கிடா வளர்ந்தது. மாசிக் களரி வந்தது. எங்கள் குலசாமிக்கு நேர்ந்ததைக் கொடுக்கிற திருவிழா அது.

"கிடாவக் குடுத்துட்டா இது எப்படிங்க சோத்துக்கு வரும்?" என்றாள் செவ்வந்தி.

"குடுக்காம இருந்தா? உனக்காகத்தான புள்ள நேந்தேன்."

"என்னையக் கேட்டா நேந்தீங்க?"

"நீ கேக்குற நெலமையிலயா கெடந்த?"

எனக்குப் பயம். காலையில் தண்ணீர் கேட்கிற சாக்கில் அவளை வெளிச்சத்துக்கு வரச்சொல்லி, கண்ணில் மஞ்சள் திரும்பியிருக்கிறதா என்று பார்ப்பதே எனக்கு வழக்கமாகியிருந்தது. கொடுத்த சாமிக்கு எடுக்கவும் தெரியும்.

சிமினியைக் கோழிக்கூட்டில் அடைத்துவிட்டுக் கிடாவைக் கோவிலுக்கு ஓட்டிப்போனேன். செவ்வந்தி பின்னால் வந்தாள். மாலை போட்டார்கள். பூசாரி கூத்தையா மஞ்சத்தண்ணீர்க் குடத்தை எடுத்தார். தண்ணீர் பட்டுக் கிடா உடம்பை உதறித் துலுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். துலுக்காத கிடாவை வெட்டக்கூடாது.

அவர் குடத்தைச் சாய்க்கும் நேரத்தில் கூட்டம் விலகியது. சிமினி வந்துகொண்டிருந்தது. கூட்டை உடைத்துக்கொண்டு, கிடாவின் மணிச்சத்தத்தை வைத்து, வட்டமடித்தே வந்திருக்கிறது. ஒவ்வொரு வட்டத்துக்கும் ஓரடி முன்னேற்றம். எங்கள் வீட்டிலிருந்து கோவில்வரை, முறுக்குப் பிழிந்த மாதிரி புழுதியில் தடம். வந்ததும் கிடாவின் விலாவில் சாய்ந்து நின்றது.

பூசாரி தண்ணீரை ஊற்றினார். கிடா துலுக்கவில்லை. உதறினால் மேலே சாய்ந்திருக்கும் நாய் விழுந்துவிடும் என்று அதற்குத் தெரியும். இன்னொரு குடம் ஊற்றினார். தோல் நடுங்கியதே ஒழிய உதறவில்லை. நனைந்துபோன சிமினிதான் காதிலிருந்து வால்வரை உதறியது.

"துலுக்கிருச்சு! உத்தரவு வந்திருச்சு!" என்று கத்தினான் என் பங்காளி மருதுபாண்டி.

"ஏலே, துலுக்குனது நாயிடா. உத்தரவுன்னா நாயத்தான் வெட்டணும். ஒனக்குச் சம்மதமா? பங்கு கறி வீட்டுக்கு வந்துரும்" என்றார் பூசாரி.

மருதுபாண்டி கூட்டத்துக்குள் போய்விட்டான்.

செவ்வந்தி முன்னால் வந்தாள். "மாமா, பொழச்சது நானு. உத்தரவ எங்கிட்டக் கேளுங்க. எந்தலையில ஊத்துங்க. நான் துலுக்குனா வெட்டிக்கங்க."

"ஏத்தா, வெளையாடாத. சாமி காரியம்."

"சாமி காரியம்னுதான் சொல்றேன்."

பூசாரி என்னைப் பார்த்தார். அவளை விலக்கியிருக்கலாம். ஆனால் ஓரடி பின்னால் நகர்ந்து வழிவிட்டேன். குடத்தைச் சாய்த்தார். மாசிக் காலைப் பனி இன்னும் போகவில்லை. கடலாடிப் பக்கமிருந்து காற்று வேறு. தலையிலிருந்து தண்ணீர் இறங்குகிறது, கைகளில் மயிர் குத்திட்டு நிற்கிறது, தாடை இறுகியிருக்கிறது. அவள் அசையவில்லை. கிடா அசையவில்லை. சிமினி சாய்ந்துகொண்டே நின்றது. மேளக்காரன் கையை மேளத்தின்மேல் வைத்தபடி இருந்தான். மஞ்சத்தண்ணீர் அவள் கண்ணுக்குள் இறங்கியபோது நான் பதறிப்போனேன். அவள் இமைத்தாள். கண் வெள்ளையாக இருந்தது.

தண்ணீர் சொட்டி நிற்கும்வரை பார்த்துவிட்டுப் பூசாரி அரிவாளைச் சாமி காலடியில் வைத்தார். "நேந்தத சாமி வேணாம்னுட்டாரு. ஓட்டிட்டுப் போங்க."

சிமினி வயதாகித்தான் போனது. அதன் பிறகும் கிடா தன் வலப்பக்கம் ஒரு நாய்க்கு இடம் விட்டே நடந்தது. வாசலில் நுழையும்போது அந்த நாய்க்கும் சேர்த்து அகலமாக வளைந்து நுழையும். அதுவும் மூப்பில் போயிற்று. செவ்வந்திக்கு இன்றுவரை ஒரு காய்ச்சல் கிடையாது.

இதை எழுதும்போதே வாய் ஒரு பக்கமாக இழுக்கிறது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: எங்கள் குலசாமி ஆதிமுதலே சைவம்; அந்த வாசலில் சர்க்கரைப் பொங்கலைத் தவிர எதையும் படைத்ததில்லை.