மரியாதையால் வந்த கால்வலி

பிற்பகல் பேருந்தை ஓட்டுகிறவருக்கு இடது காலில் வலி. சாதாரண வலியில்லை. பிட்டத்தில் கிளம்பி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலைச் சுண்டி இழுத்துவிட்டுக் குதிகாலில் போய் நிற்கும். கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வார். வெளியில் மூச்சு விடவில்லை. விட்டால், அடுத்த வாரம் வரும் உடல் தகுதிப் பரிசோதனையில் ஓட்டத் தகுதியில்லை என்று சொல்லி, பணிமனைக் கவுன்டரில் உட்கார வைத்துவிடுவார்கள். ஸ்டியரிங் பிடித்த கையால் பாஸ் எழுதிக் கொடுப்பதா? அதை நினைத்தாலே சாப்பாடு இறங்கவில்லை.

மனைவியிடம் மட்டும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது என்றார். அவளும் பாவம், தினமும் தைலம் தேய்த்துக் கை ஓய்ந்துபோனாள். வாசனை வீட்டைத் தூக்கியது. வலி அசைந்து கொடுக்கவில்லை. விடுப்பு போட்டுப் படுத்தே கிடந்தும் பார்த்தார். எழுந்தபோது முதுகும் விறைத்துக்கொண்டது. பட்ட காலிலே படும் என்பார்களே, அது இவர் விஷயத்தில் வெறும் பழமொழி இல்லை.

பரிசோதனை நாளும் வந்தது. டாக்டரம்மா இவரை மல்லாக்கப் படுக்க வைத்து, இடது காலை மடக்காமல் மெல்லத் தூக்கினார். வலிக்கிறதா என்று கேட்டதற்கு இல்லவே இல்லை என்றார் மனிதர். முகம் கோணிவிட்டது, கையோ கட்டில் விளிம்பை விடவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த எத்தனை பேரை அந்தக் கட்டிலில் கண்டிருப்பாரோ, டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

"கால்ல ஒண்ணுமில்லைங்க. இடுப்புலேர்ந்து கால் வரைக்கும் ஒரு நரம்பு ஓடுது. அது இடுப்புல நசுங்குது, வலி கால்ல தெரியுது."

எய்தவன் இருக்க அம்பை நோகிற வேலையைத்தான் தைலம் இத்தனை நாள் செய்திருக்கிறது. படுத்தே கிடக்க வேண்டாம், முடிந்தவரை நடங்கள், பேருந்து ஒவ்வொரு நடை போய் நின்றதும் இறங்கி நிமிர்ந்து நில்லுங்கள் என்றார். கால் மரத்தாலோ வலுவிழந்தாலோ, சிறுநீர் போவதில் தகராறு வந்தாலோ அந்த நிமிஷமே ஓடி வரச் சொன்னார். பிறகு, எப்படி உட்கார்ந்து ஓட்டுகிறீர்கள், காட்டுங்கள் என்று ஒரு நாற்காலியைப் போட்டார். இவர் அதன் நுனிக்கு வந்து, முதுகை வளைத்து, இடது காலை எட்டி நீட்டினார். இருக்கையை முன்னால் தள்ளிக்கொள்ளக் கூடாதா என்றார் டாக்டரம்மா. இவர் தலையைச் சொறிந்தார்.

அங்கேதான் இருந்தது வினை. அதே பேருந்தைக் காலையில் ஓட்டுகிறவர் இவருடைய மச்சான், மனைவியின் அண்ணன், ஆள் நெட்டை. பெண் கொடுத்த வீட்டு மூத்தவர் உட்காரும் இருக்கையை நகர்த்துவதா என்று ஒரு மரியாதை. நகர்த்தினால் நாம் குள்ளம் என்று பணிமனைக்கே தெரிந்துவிடுமே என்று ஒரு வீம்பு. மரியாதை கால் பங்கு, வீம்பு முக்கால் பங்கு.

இருக்கையைச் சரிசெய்து, குறைந்த தூரத் தடத்தில் மட்டும் ஓட்டுங்கள், நடப்பதை விடாதீர்கள், அடுத்த மாதம் பார்த்து முடிவு சொல்கிறேன் என்று அனுப்பினார் டாக்டரம்மா. ஸ்டியரிங் கையில் நிலைக்க வேண்டுமானால் வீம்பு இறங்கியாக வேண்டும்.

மறுநாள் பேருந்து கைமாறும் நேரம். படியில் இறங்கிய மச்சானை வழிமறித்து, தரையைப் பார்த்தபடியே இவர் எல்லாவற்றையும் கொட்டினார். வலி, தைலம், டாக்டரம்மாவிடம் சொன்ன பொய், குள்ளம் உட்பட.

மச்சான் படியிலேயே உட்கார்ந்தார். உட்காரும்போது வலது தொடையைப் பிடித்துக்கொண்டதை இவர் அன்றுதான் கவனித்தார்.

"அந்த சீட்டை அப்படி நான் வைக்கலை மாப்ளே. நீங்க வெச்சதுன்னு நினைச்சேன். முட்டி இடிக்க இடிக்க ஓட்டிக்கிட்டிருக்கேன். பின்னாடி தள்ளினா உங்களைக் குள்ளம்னு குத்திக்காட்டின மாதிரி ஆயிடுமேன்னு..."

பேருந்தைக் கழுவிய எவனோ போகிறபோக்கில் நடுவில் விட்டுப்போன இருக்கை அது. நெட்டைக்கும் ஆகாது, குள்ளத்துக்கும் ஆகாது. இவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அடியிலிருந்த பிடி துருவேறி அடம்பிடித்தது. இருவரும் சேர்ந்து இழுத்ததில் இருக்கை கிறீச்சிட்டு முன்னால் வந்தது. இவர் ஏறி உட்கார்ந்தார். முதுகு சாய்ந்திருக்க, முழங்கால் மடங்கியிருக்க, பாதம் தானாகக் கிளட்சில் பதிந்தது.

மச்சான் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"டாக்டரம்மாகிட்ட நீங்களும் கூட வாங்க மாப்ளே. தனியாப் போனா நானும் வலிக்கலைன்னுதான் சொல்லுவேன்."