முப்பத்துநாலு வயது எம். எஸ்.

…சுற்றுக்கு இரண்டு நிமிடம், பன்னிரண்டரைச் சுற்று, ஐந்து கிலோமீற்றர், இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு விநாடியாவது குறைய வேண்டும், இவ்வளவுதான், இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது, ஒன்பது வருடமாக இதே கணக்கை மற்றவர்களுக்குப் போட்டுக் கொடுத்தவள் நான், ஆனாலும் கண்டி போகம்பரை மைதானத்தின் வெள்ளைக் கோட்டில், காலை ஆறு மணிக் குளிரில் வந்து நிற்கிறபோது திரும்பத் திரும்ப அதையே எண்ணிக்கொண்டிருக்கிறேன். அஸீம் சேர் கையில் ஸ்டொப்வோச்சோடு நிற்கிறார், எங்கள் அலுவலக விளையாட்டுச் சங்கத்தின் செயலாளர், நல்ல மனுசன், அந்த நல்ல மனம்தான் எனக்கு எரிச்சல், “மிஸ், ஏலாட்டி நடுவில நிப்பாட்டுங்க, ஒன்னும் குறைஞ்சு போக மாட்டீங்க” என்கிறார், அதாவது நான் நிறுத்துவேன் என்று முடிவே கட்டிவிட்டார். மாகாணப் போட்டிக்குப் போகிற எங்கள் பெண்கள் அணியில் ஒரு இடம் வெறுமையாகக் கிடக்கிறது, இருபத்தைந்துக்குள் வந்தால் அது எனக்கு, வராவிட்டால் வழக்கம்போல நேரம் எடுக்கிறவளின் வெள்ளைத் தொப்பி, சாப்பாட்டு டோக்கன், அந்த ஸ்டொப்வோச். அலுவலகத்தில் பாதிப் பேருக்கு நான் டைம் மிஸ், மதனி என்ற பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. போதும், அடுத்தவர் காலுக்கு நான் பட்டன் அமத்தியது போதும்… விசில் ஊதிவிட்டார், ஓடு.

முதல் வளைவு. மெதுவாகத் தொடங்கு, முதல் பாதியில் பொறுமையாக இரு, இப்படித்தான் பத்து வாரமாக அந்த ஸ்பெயின்காரி எழுதுகிறாள், உலகப் போட்டியில் ஐந்தாவதாக வந்தவளாம், இப்போது ஓய்வுபெற்று இணையத்தில் பயிற்சி கொடுக்கிறாள், கட்டணம் டொலரில், அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்த அன்று குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா ஃபோனில் சிரித்தாள், “உனக்கென்ன விசரே? காசு குடுத்து ஆரும் ஓடுவினமே? உங்க மஹியாவை ஏத்தத்தில நாய் துரத்தினால் சும்மாவே ஓடலாம்.” மஹியாவை நான் குடியிருக்கிற பக்கம், முழுக்க ஏற்றம், அவள் சொன்னதிலும் பிழையில்லை. வீடியோவில் இருப்பதெல்லாம் எங்கேயும் இலவசமாகக் கிடைப்பதுதான், தோளைத் தளர்த்து, பாதத்தை மெல்ல வை, நன்றாகத் தூங்கு, இதைச் சொல்ல ஸ்பெயின் வேண்டுமா, அதுவும் சமதரையான அமைதியான பாதை ஒன்றைத் தெரிந்தெடு என்கிறாள், கண்டியில் சமதரைக்கு நான் எங்கே போவேன், வாவிக்கரை, இந்த மைதானம், இரண்டையும் விட்டால் மிச்சமெல்லாம் ஏற்றம் அல்லது இறக்கம். ஆனால் ஒன்று மட்டும் சும்மா கிடைக்காது, ஞாயிற்றுக்கிழமை வருகிற அந்த நாலு வரி, வாரம் முழுக்க நாம் ஓடியதைப் பார்த்து, நமக்கென்றே எழுதுகிற நாலு வரி, அதற்குத்தான் காசு, அதற்காகத்தான் நான்… “ஒன்னு அம்பத்தஞ்சு!” அஸீம் சேரின் குரல், முதல் சுற்றில் ஐந்து விநாடி மிச்சம், “மிஸ், கூடிப் போச்சு, கொஞ்சம் ஸ்லோ பண்ணுங்க!” கூடவில்லை சேர், வேண்டுமென்றுதான் ஓடுகிறேன்.

நமக்கென்றே என்று எப்படிச் சொல்வது, நாங்கள்தான் அதற்கு வழி வைக்கவில்லையே. ஷப்ராஸ் எனக்குப் பக்கத்து மேசை, மடவளையிலிருந்து பஸ்ஸில் வருகிறவன், ஆண்கள் அணியில் ஓடுகிறவன், அவன்தான் முதலில் சொன்னான், “ஒரு எக்கவுண்ட் எடுத்து ரெண்டு பேரும் ஓடுவோம் மிஸ், படம் பாக்குற எக்கவுண்ட்ட நாங்க அஞ்சு வீட்டுக்கு வச்சீக்கோம், இதுல என்ன ஈக்கி?” எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. கட்டாரிலிருந்து அவனுடைய நானா, அதாவது அண்ணன், அனுப்பிய ஓட்டக் கடிகாரம் ஒன்று இருந்தது, செவ்வாய், வியாழன், சனி காலையில் என் கையில், திங்கள், புதன், வெள்ளி மாலையில் அவன் கையில், பட்டியைக் கழுவித் துடைத்துக் கைமாற்றிக்கொள்வோம். பதிவுப் படிவத்தில் பெயர் எம். எஸ்., வயதுக்கு என் முப்பத்தொன்பதையும் அவன் இருபத்தொன்பதையும் கூட்டி இரண்டால் பிரித்து முப்பத்துநாலு, எடையும் அதே கணக்கு, ஆணா பெண்ணா என்ற இடத்தில் சொல்ல விரும்பவில்லை என்று போட்டோம். கன்ரீனில் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு அந்த முப்பத்துநாலு வயது எம். எஸ்.ஸுக்கு ஸ்பெயினிலிருந்து பயிற்சி வந்தது, எனக்கு மூச்சு முட்டியது, அவனுக்குக் கொட்டாவி வந்தது, உலகத்தரப் பயிற்சி என்றால் உயிர் போகத்தான் செய்யும் என்று நான் நினைத்துக்கொண்டேன். காலையில் ஓடுகிறபோது உன் நாடி மிக அதிகம், தூக்கத்தையும் சாப்பாட்டையும் கவனி என்று ஒருமுறை எழுதினாள், அதைப் படித்துவிட்டு ஷப்ராஸின் மனைவி அவனை ஒன்பது மணிக்கே படுக்க அனுப்பினாள், பின்னேரம் தின்கிற ரோல்ஸை நிறுத்தினாள், பாவம், காலை நாடி என்னுடையது. “அஞ்சு நாப்பத்தஞ்சு!” மூன்று சுற்று முடிந்தது, கையில் பதினைந்து விநாடி, கால் இன்னும் சொன்னபடி கேட்கிறது.

அந்த நாலாவது வாரக் கடிதம்தான்… உன் பலம் பின்பாதியில் இருக்கிறது, மற்றவர்கள் தளர்கிற இடத்தில் நீ வேகமெடுக்கிறாய், இது யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. இதை நான் கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் நின்றபடி படித்தேன், இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது, பிறகு தமிழில் எழுதி அலுவலகத்து ஒட்டுத்தாளில் அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். என்னைப் பற்றி யாரும் அப்படி எழுதியதில்லை. பத்து வயதில் சண்டைக்குப் பயந்து ஊரோடு சேர்ந்து நாங்களும் ஓடினோம், கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு, இரவு முழுக்க, அந்த ஓட்டத்துக்கு யாரும் நேரம் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு படிப்பு, சோதனை, வேலை, இடமாற்றம், இதில் எங்கே பலம், எங்கே பின்பாதி, முப்பத்தொன்பது வயதில் முன்பின் தெரியாத ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டாள் என்று எவ்வளவு சந்தோசப்பட்டேன், வெட்கமாக இருக்கிறது. நேற்று மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், ஷப்ராஸ் ஃபோனை நீட்டுகிறான், “இந்தாங்க மிஸ், அந்த நாலாவது வாரத்து புதன்கிழமை ஓட்டம், இதப் பாத்துத்தான் கோச் அன்னைக்கு பின்பாதியப் பத்தி எழுதினது.” “அது உங்கட ஓட்டமோ, தம்பி?” என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனான், “நீங்க தெரியாமயா இருந்தீங்க மிஸ்?” தெரியாமல்தான் இருந்தேன், மொத்த நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு ஃபோனை வைத்துவிடுகிற ஆள் நான். பிறகு உட்கார்ந்து என் செவ்வாய்களையும் வியாழன்களையும் சனிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன், ஒன்றில்கூட பின்பாதி வேகமாக இல்லை, எல்லாவற்றிலும் முன்பாதிதான் வேகம், பிறகு இறக்கம், இறக்கம், இறக்கம்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து அந்தத் தாளைக் கிழித்தேன், அழுதேன் என்றும் சொல்லலாம், பிறகு முகம் கழுவிவிட்டுக் கணக்குப் போட ஒரு கொப்பியை எடுத்தேன். சரி, பின்பாதி என்னுடையது இல்லை, அப்படியென்றால் அதை நம்பி எதற்குக் காத்திருக்க வேண்டும், முன்பாதியிலேயே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியதுதானே. ஆறு சுற்றை ஒன்று ஐம்பத்தைந்தில் ஓடினால் முப்பது விநாடி கையில் நிற்கும், மிச்ச ஆறரைச் சுற்றில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கலாம், அழகான ஓட்டம் இல்லை, எந்தக் கோச்சும் இப்படி ஓடு என்று சொல்லமாட்டார்… “பதினொன்னு முப்பது!” சொன்னபடி ஆறு சுற்று, சொன்னபடி முப்பது விநாடி. இனித்தான் இருக்கிறது. ஸ்டேசனில் ரயில் கூவுகிறது, குட்ஷெட் பஸ் நிலையப் பக்கம் கொண்டக்டர்கள் ஊர்ப் பெயர்களைச் சொல்லிக் கத்துகிறார்கள், ஏழாவது சுற்று இரண்டு நிமிடம், எட்டாவது இரண்டு இரண்டு, தொடங்கிவிட்டது, தொடை கல்லாகிறது, ஒன்பதாவது இரண்டு நாலு, கையிலிருந்து ஆறு போய்விட்டது, இருபத்துநாலு இருக்கிறது, மூச்சை விடு, தோளைத் தளர்த்து, பார், அவள் குரல்தான் வருகிறது, அப்படியானால் கொடுத்த காசு வீணில்லையோ, எம். எஸ்.ஸுக்கென்று வந்த பயிற்சிதானே இந்தக் காலை இவ்வளவு தூரம் இழுத்து வந்திருக்கிறது, பத்து வாரத்துக்கு முன்னால் இதே ஐந்து கிலோமீற்றருக்கு முப்பத்தொரு நிமிடம் எடுத்தவள்தானே நான். என் சக்திக்கு மீறிய வேகத்தைத் தவறுதலாகக் கொடுத்தாள், நான் அதைத் தவறாமல் ஓடினேன், இதில் யாருக்கு நன்றி சொல்வது, அவளுக்கா, ஷப்ராஸுக்கா, இரண்டால் வகுத்த அந்தப் படிவத்துக்கா?

பத்தாவது இரண்டு ஏழு. பதினோராவது இரண்டு ஒன்பது, “இருவத்தொன்னு அம்பத்திரண்டு, மிஸ், எட்டு செகண்ட்தான் ஈக்கி!” அஸீம் சேரின் குரல் மாறிவிட்டது, இப்போது அவர் நிறுத்தச் சொல்லவில்லை, கோட்டோரமாக என்னோடு சேர்ந்து நடக்கிறார். வாயில் இரும்புச் சுவை, நின்றுவிடு என்று ஒரு குரல் மிக அன்பாகச் சொல்கிறது, என் குரல்தான், எனக்கு நன்றாகத் தெரிந்த குரல், எத்தனை இடத்தில் இதன் பேச்சைக் கேட்டு நின்றிருக்கிறேன், இன்றைக்குக் கேட்கமாட்டேன், நான் வேகமெடுக்க வேண்டியதில்லை, தளரலாம், எவ்வளவு தளரலாம் என்று நேற்றே கணக்குப் போட்டாயிற்று, அதற்குமேல் ஒரு விநாடிகூடத் தளரமாட்டேன். பன்னிரண்டாவது, “இருவத்திநாலு! சரியா இருவத்திநாலு!” கையில் ஒன்றுமில்லை, அரைச் சுற்றுக்கு ஒரு நிமிடம், அந்தப் பக்கக் கோட்டில் ஷப்ராஸ் நிற்கிறான், தண்ணீர்ப் போத்தலைத் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டு, “வாங்க மிஸ், வாங்க, வாங்க!” அஸீம் சேர் மைதானத்துக்குக் குறுக்கே அவனிடம் ஓடுகிறார், செருப்பு ஒன்று கழன்று புல்லில் கிடக்கிறது, வளைவு, இன்னும் வளைவு, இது ஏன் முடியவில்லை… கோடு. கோட்டுக்கு அப்பால் நாலு காலில் விழுந்து கிடக்கிறேன், “இருவத்திநாலு அம்பத்தேழு” என்கிறார், நம்பாமல் இன்னொருமுறை பார்க்கிறார், “அம்பத்தேழுதான், மாஷா அல்லாஹ், மிஸ் டீம்ல.”

எழுந்து உட்கார்ந்ததும் ஷப்ராஸ் போத்தலைத் தந்துவிட்டு என் கையிலுள்ள கடிகாரத்தைக் காட்டுகிறான், “இத கோச்சுக்கு அனுப்பவா மிஸ்?” அனுப்புங்கோ என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, பொறுங்கோ என்றேன். அனுப்பினால் இதுவும் எம். எஸ்.ஸின் ஓட்டம், இன்றைக்கு என்ன நடந்தது, ஏன் பொறுமையை இழந்தாய் என்று அந்த முப்பத்துநாலு வயதுக்காரருக்கு எழுதுவாள். ஃபோனைத் தாங்கோ என்று வாங்கி, என் ஆங்கிலத்தில், பிழையோடு எழுதினேன், நாங்கள் இரண்டு பேர், புதன்கிழமை ஓடுகிறவர் ஷப்ராஸ், இன்றைக்கு ஓடியது நான், என் பெயர் மதனி, பின்பாதியில் நான் மெதுவாகிவிடுவேன், எப்போதும் அப்படித்தான், பார்த்துச் சொல்லுங்கள். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, “எக்கவுண்ட்ட மூடிட்டாங்கன்னா மிஸ்?” என்றான். “மூடட்டும் தம்பி, பேந்து நீங்கள் வேற, நான் வேற எடுப்பம்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன், ஓட்டமும் சேர்ந்து போய்விட்டது. அங்கே இப்போது நடுச்சாமமாக இருக்கும், அவள் எழும்ப இன்னும் எத்தனையோ மணித்தியாலம். அஸீம் சேர் பட்டியலில் என் பெயரை எழுதிக்கொண்டே எட்டாவது சுற்றைப் பற்றி ஷப்ராஸிடம் சொல்கிறார், பதினோராவதில் நான் விழப்போகிறேன் என்று நினைத்தாராம், ஒவ்வொரு அடியையும் கண்ணால் பார்த்த இரண்டு பேர் இங்கே பக்கத்தில் நின்று என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள், நானோ ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் திட்டுவாளா, பரவாயில்லை, திட்டட்டும். ஒன்றுமே எழுதாமல் விட்டால்? அப்போதும் செவ்வாய்க்கிழமை காலையில் எழும்பி ஓடுவேன்தானே? ஓடுவேன், ஏன் ஓடாமல்… யாரும் பார்க்காவிட்டாலும் ஓடுவேனா என்று இதுவரைக்கும் நான் என்னைக் கேட்டதே இல்லை.